எஸ்எம்ஏ முதல் வேவ்கைடு வரை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பித்தளைக் குழாயின் ஒரு முனையை அடைத்து (அந்த அடைப்பைத்தான் பின்சுவர் என்கிறேன்), அகலச் சுவரின் நடுவில் துளையிட்டு, எஸ்எம்ஏ கனெக்டரின் (கேபிளுக்கான சிறிய திருகு இணைப்பான்) ஊசியை உள்ளே இறக்கினால் கோஆக்சியல் கேபிளிலிருந்து வேவ்கைடுக்கு, அதாவது அலையைக் கடத்தும் உலோகக் குழாய்க்கு, போகும் அடாப்டர் தயார். செய்வது அரை நாள் வேலை. அதை நினைத்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் நாள்கணக்கில் இழுக்கும். ரிட்டர்ன் லாஸ் (அனுப்பிய அலையைவிடத் திரும்பி வருவது எத்தனை டெசிபெல் குறைவு என்ற அளவு; கூடினால் நல்லது) 8 டெசிபெலில் நின்றுகொண்டு நகர மறுக்கும்போது கை தானாக அரத்தைத் தேடுகிறது. ஆனால் அராவிய ஊசி திரும்ப வளராது. அரத்தை எடுக்கும் முன் கருவியின் திரை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எந்த அறிகுறி எந்த அளவைக் காட்டிக்கொடுக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு டபிள்யூஆர்-90 என்ற தர அளவுக் குழாயை வைத்துக்கொள்கிறேன். நம் பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோவேவ் ஆய்வகங்களில் எக்ஸ் பேண்ட் பெஞ்ச் என்று வரிசையாக நிற்பது இதுதான். உள் அகலம் 22.86 மி.மீ., உள் உயரம் 10.16 மி.மீ. இதன் வெட்டு அதிர்வெண் 6.557 கிகாஹெர்ட்ஸ்; அதற்குக் கீழான அலை குழாயில் போகாது. பயன்படும் பட்டை 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை. 10 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளி அலைநீளம் 30 மி.மீ., குழாய்க்குள் அதே அலை நீண்டு 39.7 மி.மீ. ஆகிறது. பின்சுவரின் தூரத்தைக் குழாய் அலைநீளத்தைக் கொண்டும், ஊசியின் நீளத்தை வெட்டவெளி அலைநீளத்தைக் கொண்டும் கணக்கிட வேண்டும். இரண்டும் இடம் மாறினால் அடுத்து வரும் எதுவும் பொருந்தாது.

தொடக்க அளவுகள் இவை. பின்சுவர், கால் குழாய் அலைநீளமான 9.93 மி.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், 50 ஓம் கிடைக்க ஊசி ஏறத்தாழ 5.9 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். வெட்டவெளிக் கால் அலைநீளமான 7.5 மி.மீ. அல்ல. நான் ஊசியை 6.5 மி.மீ. வைத்தும், பின்சுவரை நகர்த்தக்கூடியதாகவும்தான் எப்போதும் தொடங்குகிறேன்.

எதையும் தொடும் முன்

குழாயின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஃபிளாஞ்சை (குழாய்களை இணைக்கும் தட்டையான விளிம்பு) திறந்துவைத்தே அளப்பவர்கள் நிறைய. திறந்த வாய் ஒரு சிறிய ஆன்டெனா. பெரும்பகுதியை வெளியே அனுப்பிவிட்டு, வந்ததைவிட 10, 12 டெசிபெல் குறைந்த சிறு பகுதியை மட்டும் திருப்பி அனுப்பும். அதனால் அளவு ஓரளவு நம்பும்படியாகவே தெரியும். அந்த நிலையில் நீங்கள் எதைத் திருத்தினாலும், அடாப்டரையும் திறந்த வாயையும் சேர்த்துத்தான் திருத்துகிறீர்கள்.

அலையைத் திருப்பாமல் விழுங்கிக்கொள்ளும் நல்ல லோட் இல்லையென்றால், அலைநீளத்தின் பல மடங்கு நீளத்துக்குச் சீராகக் கூராக்கிய மர ஆப்பு ஒன்றைக் குழாய்க்குள் செருகலாம். அது போதுமா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஆப்பை ஐந்து, பத்து மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திரையில் கோடு ஆடினால் ஆப்பிலிருந்து அலை திரும்புகிறது, அசையாமல் நின்றால் நீங்கள் பார்ப்பது அடாப்டரைத்தான். விலைகொடுத்து வாங்கிய லோடையும் நான் இப்படிச் சோதிக்காமல் நம்புவதில்லை. அதை நகர்த்த முடியாது என்பதால், இடையில் ஒரு குழாய்த் துண்டைச் சேர்த்தும் எடுத்தும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் நெட்வொர்க் அனலைசர் (திரும்பும் அலையை அதிர்வெண் வாரியாகத் திரையில் காட்டும் கருவி) எல்லோரிடமும் இருக்காது. அதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை. இழப்பு மிகக் குறைந்த அடாப்டரில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் திரும்பி வரும் அளவு ஒன்றுதான். எனவே எஸ்எம்ஏ பக்கத்தில் நல்ல 50 ஓம் முடிப்பானைப் பொருத்தி, வேவ்கைடு பக்கத்திலிருந்து கிளைஸ்ட்ரான் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் வெற்றிடக் குழல்) பெஞ்சின் பிளவுக் குழாயால், அதாவது நீளவாக்குப் பிளவு வழியே உள்ளிருக்கும் அலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குழாயால், அளக்கலாம். நிலை அலை விகிதம் (அந்த அலையின் உயர்வுப் புள்ளிக்கும் தாழ்வுப் புள்ளிக்கும் உள்ள விகிதம்) 1.22 என்றால் ரிட்டர்ன் லாஸ் 20 டெசிபெல், 1.92 என்றால் 10 டெசிபெல். அடுத்தடுத்த இரண்டு தாழ்வுப் புள்ளிகளின் இடைவெளி குழாய் அலைநீளத்தில் பாதி என்பதால் அதிர்வெண்ணும் சரிபார்க்கப்பட்டுவிடும். 9.4 கிகாஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 22.3 மி.மீ. இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. குறைந்த அதிர்வெண்ணுக்காகச் செய்த முடிப்பான் 10 கிகாஹெர்ட்ஸில் 50 ஓமாக இருக்காது. அதன் மேல் எழுதியிருக்கும் எல்லையைப் படித்துவிட்டுப் பொருத்துங்கள்.

அறிகுறி: பட்டை முழுவதும் எல்லாமே திரும்பி வருகிறது

ரிட்டர்ன் லாஸ் பூச்சியத்தை ஒட்டி ஒரே கோடாக ஓடினால் நுணுக்கமான காரணம் எதையும் தேட வேண்டாம். அலை குழாய்க்குள் நுழையவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்து நடு ஊசிக்கும் குழாய்க்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஊசி வகையில் இருக்கக் கூடாது. இருந்தால், பற்றவைத்தபோது ஈயம் துளைக்குள் வழிந்திருக்கலாம், அல்லது துளையிட்டபோது எழுந்த பிசிறு ஊசியைத் தொடலாம். எதிர்ச்சுவரைத் தொடும் வகையில் வடிவமைத்த ஊசிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மீட்டர் சரி என்கிறது, ஆனாலும் முழுவதும் திரும்புகிறது என்றால் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, அனலைசர் அளக்கும் அதிர்வெண் எல்லை 6.557 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறதா என்பது. மற்றொன்று, ஊசி நீட்டிப்புச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது. கனெக்டர் ஊசியின் மேல் பித்தளைக் குழல் மாட்டியிருந்தால் அது கழன்று குழாய்க்குள் கிடக்கக்கூடும். குலுக்கினால் சத்தம் கேட்கும்.

அறிகுறி: பள்ளம் விழுகிறது, இடம் தவறு

திரும்பி வருவது குறைந்து கோடு திரையில் கீழே இறங்கும் இடமே பள்ளம். இதுதான் நல்ல செய்தி. அடாப்டர் வேலைசெய்கிறது, அளவு மட்டும் தள்ளிப்போயிருக்கிறது. பள்ளம் தேவைக்குக் கீழான அதிர்வெண்ணில் விழுந்தால் ஊசி நீளம், மேலே விழுந்தால் ஊசி குட்டை. ஊசி 5.9 மி.மீ. என்றால் 0.1 மி.மீ. என்பது அதன் நீளத்தில் 1.7 சதவீதம். 10 கிகாஹெர்ட்ஸில் அது பள்ளத்தை நூறு மெகாஹெர்ட்ஸ் அளவில் நகர்த்திவிடும். அரத்தின் இரண்டு இழுப்பு அதற்குப் போதும்.

அதனால் அரத்துக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 0.1 மி.மீ. பித்தளைத் தகட்டில் கனெக்டரின் அடிப்பாக அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் டெஃப்ளான் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, கனெக்டருக்கும் குழாய்க்கும் இடையில் வைத்துத் திருகுகளை இறுக்குங்கள். ஊசி 0.1 மி.மீ. வெளியே வந்துவிடும். ஊசி நீளம் என்ற உங்கள் கணிப்பு சரியென்றால் பள்ளம் மேலே நகரும். போதவில்லையென்றால் இன்னொரு தகடு. எத்தனை தகட்டில் சரியாகிறதோ அத்தனையின் தடிமனைக் கூட்டி, அதற்குச் சற்றுக் குறைவாக அராவுங்கள். தகட்டை எடுத்துவிட்டு மறுபடி அளந்து, மீதத்தை அராவலாம். பிழையாகப் போனால் தகட்டை உருவிவிட்டால் போதும், எதுவும் கெட்டுப்போகவில்லை. இந்த ஒரு பழக்கத்தால் நான் காப்பாற்றிய கனெக்டர்கள் ஒரு டப்பா நிறைய இருக்கும்.

ஊசி குட்டையாகிவிட்டதா? அதன் மேல் இறுக்கமாக ஏறும் மெல்லிய பித்தளைக் குழல் ஒன்றை மாட்டி நீட்டலாம். அல்லது எதிர்ச்சுவரில், ஊசிமுனைக்கு நேர் எதிரே ஒரு எம்3 பித்தளைத் திருகை வையுங்கள். திருகு ஊசியை நெருங்க நெருங்க அவற்றிடையே கொள்ளளவு கூடி, ஊசி நீண்டதுபோல நடந்துகொள்ளும்.

அறிகுறி: பள்ளம் இடத்தில் இருக்கிறது, ஆழம் இல்லை

பள்ளம் கேட்ட இடத்தில் விழுந்தும் 11, 12 டெசிபெலில் நின்றுவிட்டால், ரிட்டர்ன் லாஸ் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. எவ்வளவு திரும்புகிறது என்பதை அந்தக் கோடு காட்டுமே தவிர, ஏன் என்று காட்டாது. அனலைசரை ஸ்மித் வரைபடத்துக்கு (தடை, தூண்டல், கொள்ளளவு மூன்றையும் ஒரே வட்டத்தில் காட்டும் படம்; மையம் 50 ஓம்) மாற்றுங்கள். பெல் ஆய்வகத்தின் பிலிப் ஸ்மித் 1939இல் வெளியிட்ட அந்த வட்டம் இன்றும் இந்த வேலைக்கு இணையற்றது.

ஆனால் அதற்கு முன் ஒரு திருத்தம் தேவை. உங்கள் அளவீடு கேபிளின் நுனியில் தொடங்குகிறது. உங்களுக்குத் தேவையானது ஊசி குழாய்க்குள் நுழையும் இடம். இடையில் இருக்கும் கனெக்டரில் டெஃப்ளான் நிரம்பியிருப்பதால் 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அங்கே 21 மி.மீ. கூட இல்லை. 10 மி.மீ. நீளமுள்ள கனெக்டர், போகவும் வரவுமாகப் படத்தைக் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. சுற்றிய படத்தில் மேல், கீழ், இடம், வலம் எதற்கும் பொருளில்லை. அதே வகைக் கனெக்டர் இன்னொன்றை எடுத்து, ஊசியை அடியோடு வெட்டி, அந்த முகப்பைச் செப்புத் தகட்டால் மூடிப் பற்றவையுங்கள். அதை மாட்டி, புள்ளி வரைபடத்தின் இடக்கோடியில் குவியும்வரை அனலைசரின் போர்ட் நீட்டிப்பை (அளவீடு தொடங்கும் இடத்தை முன்னே தள்ளும் அமைப்பு) ஏற்றுங்கள். இப்போது அடாப்டரை மாட்டினால் படம் உண்மையைக் காட்டும்.

வேலை அதிர்வெண்ணின் புள்ளி கிடைமட்டக் கோட்டின் மேல், மையத்துக்கு இடப்புறம் இருந்தால் தடை குறைவு. ஊசியை நீட்ட வேண்டும். வலப்புறம் இருந்தால் தடை அதிகம், ஊசியைக் குறைக்க வேண்டும். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் தூண்டல் மிகுதி, பின்சுவரைத் தள்ளிப் பின்னால் வையுங்கள். கீழே இருந்தால் கொள்ளளவு மிகுதி, பின்சுவரை ஊசிக்கு அருகில் கொண்டுவாருங்கள். பின்சுவர், கால் குழாய் அலைநீளத்துக்கும் அதில் பாதிக்கும் இடையில், அதாவது 10 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 5 முதல் 10 மி.மீ. வரை இருக்கும்போது இந்தத் திசைகள் பொருந்தும்.

பாடப்புத்தகம் கால் அலைநீளம் என்று சொல்ல, நன்றாக வேலைசெய்யும் அடாப்டர்களில் பின்சுவர் அதைவிட நெருங்கி இருப்பதன் காரணமும் இதுதான். குட்டையான ஊசி இயல்பாகவே கொள்ளளவுப் பக்கம் சாயும். சரியாகக் கால் அலைநீளத்தில் நிற்கும் பின்சுவர் அதை ஈடுகட்ட எதையும் தராது. சற்று முன்னே வந்த பின்சுவர் தூண்டலைச் சேர்த்து அந்தச் சாய்வை நேராக்குகிறது. முன்னே வரும்போது தடையும் கொஞ்சம் இறங்கும், அதைச் சரிக்கட்ட ஊசியைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். நான் 6.5 மி.மீ. ஊசியோடு தொடங்குவது இதற்காகத்தான். இரண்டையும் மாறிமாறித் திருத்திக்கொண்டே போனால் மூன்று, நான்கு சுற்றில் புள்ளி மையத்துக்கு வந்துவிடும். ஒரு சுற்றில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றிய அளவையும் படத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

டியூனிங் திருகுகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அகலச் சுவரின் நடுக்கோட்டில் மூன்று திருகுகளை வரிசையாக வைத்து, எதையாவது திருகி எப்படியாவது 25 டெசிபெல் வாங்கிவிடுவது பரவலான வழக்கம். ஒரே அதிர்வெண்ணில் வேலைசெய்யும் ரேடியோ அமெச்சூர்களுக்கு, 10.368 கிகாஹெர்ட்ஸ் போன்ற இடத்தில், அது தீர்வாகவே அமையலாம். அங்கே குழாய் அலைநீளம் 37.3 மி.மீ.; திருகுகளை அதில் எட்டில் ஒரு பங்கான 4.7 மி.மீ. இடைவெளியில் வைக்கலாம். ஆனால் ஊசியும் பின்சுவரும் தவறாக இருக்கும்போது திருகால் மூடி மறைத்தால், கிடைக்கும் பட்டை குறுகலாகவே இருக்கும். கொஞ்சம் இறங்கிய திருகு கொள்ளளவாகவும், கால் அலைநீளத்தை நெருங்கும்போது ஒத்ததிர்வாகவும், அதற்கு மேல் தூண்டலாகவும் மாறிவிடும். 3 மி.மீ.க்கு மேல் இறங்கினால்தான் சரியாகிறது என்றால் நான் திருகை வெளியே எடுத்துவிட்டு ஊசிக்குத் திரும்பிவிடுவேன்.

அறிகுறி: எதைச் செய்தாலும் ஒரு எல்லைக்கு மேல் ஏறவில்லை

ஊசியை மாற்றினீர்கள், பின்சுவரை மாற்றினீர்கள். ஓர் அதிர்வெண்ணில் நன்றாக வருகிறது, ஆனால் பட்டையில் மற்ற இடங்களில் 12 டெசிபெலைத் தாண்ட மறுக்கிறது. அப்போது துளையின் வாயைப் பாருங்கள். என் அனுபவத்தில் மிகப் பிடிவாதமான பிழைகள் ஒளிந்திருப்பது சுவரின் தடிமனுக்குள்தான்.

நீண்ட டெஃப்ளானோடு வரும் எஸ்எம்ஏ கனெக்டரில் ஊசியின் விட்டம் 1.27 மி.மீ., டெஃப்ளானின் விட்டம் 4.1 மி.மீ. இந்த இரண்டும், இடையில் டெஃப்ளானும் சேர்ந்தால்தான் 50 ஓம். டெஃப்ளானை மட்டும் எடுத்துவிட்டுத் துளையை 4.1 மி.மீ.யிலேயே விட்டால், அந்த இடம் 70 ஓம் ஆகிவிடுகிறது. காற்றில் 50 ஓம் வேண்டுமென்றால் துளை 2.9 மி.மீ.தான் இருக்க வேண்டும்.

குழாய்ச் சுவரின் தடிமன் 1.27 மி.மீ. அந்த நீளத்துக்கு 70 ஓம் இருந்தால், அது ஒன்றே ரிட்டர்ன் லாஸை 21 டெசிபெல் அருகே கட்டிப்போடும். குழாயை வாங்காமல் பித்தளைக் கட்டியைக் குடைந்து செய்பவர்களின் சுவர் 4 மி.மீ. கூட இருக்கும். அங்கே அதே பிழை 12 டெசிபெலில் நிறுத்திவிடும். ஊசியும் பின்சுவரும் ஓர் அதிர்வெண்ணில் இதை ஈடுகட்டும், பட்டை முழுவதும் ஈடுகட்டாது. அறிகுறி அப்படித்தான் தோன்றும்.

ஒருமுறை இரண்டு நாள் இதில் செலவழித்தேன். டெஃப்ளானைக் குழாயின் உள்முகத்தோடு சமமாக வெட்டியதாகத்தான் நினைத்திருந்தேன். கடைசியில் ஃபிளாஞ்ச் வழியாக ஒரு சிறு விளக்கைக் காட்டி, சாய்வாகப் பார்த்தபோது துளையின் விளிம்பில் பிறை வடிவில் ஒரு நிழல் தெரிந்தது. பிளேடு சாய்ந்துபோய் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. மறுபக்கம் டெஃப்ளான் குழாய்க்குள் நாக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டும்போது டெஃப்ளான் நசுங்கி, பிளேடு எடுத்தபின் மீண்டும் எழும்புகிறது. அதன்பின் சுவரின் தடிமனுக்குச் சமமான தகட்டில் அதே துளையிட்டு, கனெக்டரை அதில் செருகி, தகட்டின் முகத்தில் பிளேடைப் படியவைத்துச் சுற்றிவந்து வெட்டுகிறேன். டெஃப்ளான் குளிர்ந்திருந்தால் வெட்டு இன்னும் சுத்தமாக விழும்.

டெஃப்ளான் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருப்பது எப்போதும் பிழை என்று பொருளல்ல. சில வடிவமைப்புகளில் வேண்டுமென்றே விடுவார்கள். ஊசியின் அடியை அது சூழும்போது பள்ளம் கீழ் அதிர்வெண்ணுக்கு நகரும். கணக்கில் சேர்த்திருந்தால் சரி, தற்செயலாக நீண்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

சிமுலேஷனில் 30 டெசிபெல், கையில் செய்தால் 13 என்று வருபவர்களுக்கும் இதே பதில்தான். மாதிரியில் சுவரின் தடிமன் வரைந்திருக்கிறதா, கனெக்டரின் டெஃப்ளான் எங்கே முடிகிறது, குடைந்த கட்டியின் உள்மூலைகளில் கட்டர் விட்டுச்சென்ற வளைவு மாதிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஊசியை வெர்னியரால் அளக்கும்போது கனெக்டரின் அடிப்பாகத்திலிருந்து அளந்தீர்களா, குழாயின் உள்முகத்திலிருந்தா? இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு சரியாக ஒரு சுவர்த் தடிமன்.

அறிகுறி: நடுவில் நன்று, ஓரங்களில் மோசம்

மெல்லிய ஊசியின் இயல்பு இது, பிழை அல்ல. 8.2 கிகாஹெர்ட்ஸில் கால் குழாய் அலைநீளம் 15.2 மி.மீ., 12.4இல் அது 7.1 மி.மீ. அதிர்வெண் ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது, பின்சுவரின் தூரமோ அலையின் கணக்கில் இரு மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது. ஓரிடத்தில் நிற்கும் சுவர் எல்லா அதிர்வெண்ணுக்கும் பொருந்தாது.

பட்டையை விரிக்க முதல் வழி ஊசியைத் தடிமனாக்குவது. 1.27 மி.மீ. ஊசியின் மேல் 2.5 அல்லது 3 மி.மீ. பித்தளைக் குழலை ஏற்றி, துளையின் வாய்க்குச் சற்று உள்ளே தொடங்கும்படி வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். தடிமன் கூடும்போது நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். நுனியில் மட்டும் தடித்த உருளை வைப்பதும் உண்டு. பின்சுவரை அருகில் கொண்டுவருவதும் உதவும், ஏனென்றால் குறைந்த தூரம் அதிர்வெண்ணோடு குறைவாகவே சுழலும். 8.2 முதல் 12.4 வரை முழுவதும் 1.25 நிலை அலை விகிதத்துக்குள் வேண்டும் என்றால் வெறும் ஊசியோடு போராடாதீர்கள். கதவுக் குமிழ் வடிவில் ஊசியை எதிர்ச்சுவரோடு இணைப்பது, படிப்படியாக உயரம் மாறும் மேட்டில் ஊசியை இறக்குவது போன்ற வடிவங்கள் அதற்காகவே உருவானவை. அவற்றுக்குச் சிமுலேஷனும் நல்ல எந்திரவேலையும் வேண்டும்.

அறிகுறி: கோடு அலையலையாக ஏறி இறங்குகிறது

இரண்டு இடங்களிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விளையாடுகின்றன. அலைகளின் இடைவெளியே குற்றவாளியின் தூரத்தைச் சொல்லிவிடும். டெஃப்ளான் நிரப்பிய ஒரு மீட்டர் கேபிள் 105 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஏற்ற இறக்கம் தரும். இரண்டு அடாப்டர்களை 200 மி.மீ. குழாயால் எதிரெதிரே இணைத்திருந்தால் 10 கிகாஹெர்ட்ஸ் அருகே அது 570 மெகாஹெர்ட்ஸ் அளவில் வரும். நூறு மெகாஹெர்ட்ஸ் அலையைப் பார்த்துவிட்டு அடாப்டரைத் திறப்பது வீண் வேலை. கேபிளையும் காலிபரேஷனையும் பாருங்கள். எஸ்எம்ஏ இணைப்பைக் கைவிரலால் இறுக்கி விட்டுவிடாமல், டார்க் ஸ்பேனரால் பித்தளை வகைக்கு 0.56 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள்.

எதிரெதிர் இணைப்பில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஊசியைச் சுற்றி, குழாயில் பயணிக்க முடியாத உயர் மோடுகளும் (அலையின் வேறு வடிவங்கள்) எழுந்து அங்கேயே அடங்கும். 10 கிகாஹெர்ட்ஸில் அவை ஒரு மில்லிமீட்டருக்கு 2 டெசிபெலுக்கு மேல் தேய்கின்றன. இரண்டு ஊசிகளும் 20 மி.மீ. தள்ளியிருந்தால் கவலையில்லை. அதைவிட நெருங்கினால் ஒன்றன் அளவு மற்றதைக் கெடுக்கும்.

அறிகுறி: ஓரிடத்தில் மட்டும் ஊசிமுனை போன்ற குழி

பரந்த பள்ளம் அல்ல. சில மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் செங்குத்தாக இறங்கி ஏறும் குழி. எங்கோ ஓர் இடுக்கு ஒத்ததிர்கிறது. நகரும் பின்சுவர்தான் முதல் சந்தேகம். பின்சுவரில் மின்னோட்டம் மேலிருந்து கீழாக ஓடுகிறது, நடுவில் மிகுதியாகவும் இரு பக்கங்களில் பூச்சியமாகவும். ஆகவே நகரும் பின்சுவரான பிஸ்டனின் பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் கெடுதல் சிறிதே. அகலச் சுவர்களைத் தொடும் மேல், கீழ் விளிம்புகளின் நடுப்பகுதி கட்டாயம் இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிஸ்டனை எடுத்துப் பாருங்கள். தொட்ட இடம் தேய்ந்து பளபளக்கும். பளபளப்பு ஓரங்களில் மட்டும் இருந்து நடு மங்கியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

சரியான இடத்தைக் கண்டபின் பிஸ்டனைப் பூட்டும்போது பள்ளம் நகர்ந்துவிடுகிறது என்ற புகாரும் இதில் அடங்கும். பூட்டுத் திருகு பிஸ்டனைச் சற்றே சாய்க்கிறது, தொடும் கோடு இடம் மாறுகிறது. தூரத்தை அளந்துகொண்டு, அந்த நீளத்துக்குக் கட்டியை வெட்டிப் பற்றவைத்துவிடுவதே நிலையான வழி.

ஃபிளாஞ்ச் இணைப்பிலும் நீளவாக்கு மின்னோட்டம் அகலச் சுவரின் நடுவில்தான் மிகுதி. நான்கு மூலைத் திருகுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முழுதும் இறுக்கினால் ஃபிளாஞ்ச் வளைந்து நடுவில் வாய் பிளக்கும். எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

பட்டைக்கு மேலே, 13.1 கிகாஹெர்ட்ஸுக்கு அப்பால் இப்படிக் குழிகள் தெரிந்தால் அங்கே இரண்டாவது மோடு உயிர்பெற்றுவிட்டது. ஊசி சரியாக நடுவில் இருந்தால் அது எழாது. எழுகிறது என்றால் துளை நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறது.

அறிகுறி: திரும்பி வருவது குறைவு, போய்ச் சேர்வதும் குறைவு

ரிட்டர்ன் லாஸ் 25 டெசிபெல் என்று காட்ட, மறுமுனையில் ஒரு டெசிபெல் காணவில்லை. திரும்பாததெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது. ஒரு பகுதி சூடாகவோ கசிவாகவோ போகிறது. ஃபிளாஞ்சின் மேல் தட்டையான, சுத்தமான பித்தளைத் தகட்டை வைத்து இறுக்குங்கள். இப்போது எல்லாம் திரும்பி வர வேண்டும். திரையில் 0.3 டெசிபெல் குறைந்தால் ஒருவழி இழப்பு அதில் பாதி, 0.15 டெசிபெல். நன்றாகச் செய்த எக்ஸ் பேண்ட் அடாப்டர் இந்த அளவில்தான் இருக்கும்.

அதிகமாக இருந்தால், குறைந்த சக்தியில் அளந்துகொண்டே விரலால் பின்சுவரின் விளிம்பையும் ஃபிளாஞ்ச் இணைப்பையும் கனெக்டரின் அடியையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எங்கே கை வைக்கும்போது கோடு துடிக்கிறதோ அங்கே கசிகிறது. பெரிய டிரான்ஸ்மிட்டர் இணைந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. குழாயின் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதும் ஆகாது. முதலில் சக்தியை நிறுத்துங்கள்.

கசிவில்லையென்றால் உள்ளே ஏதோ விழுங்குகிறது. 10 கிகாஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் ஓடும் ஆழம் 0.65 மைக்ரோமீட்டர்தான், ஆகவே மேற்பரப்பின் நிலையே எல்லாம். பற்றவைத்தபின் கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ், துளையை அடைக்கப் பூசிய எப்பாக்சி, பச்சை பூத்த பித்தளை எல்லாம் அலையைத் தின்னும். துருப்பிடிக்காத எஃகில் பின்சுவர் செய்திருந்தால் அங்கே மேற்பரப்புத் தடை பித்தளையைப்போல மூன்று மடங்கு அளவு. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் எடுத்து உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். பழுப்பாக வடியும் நீரைப் பார்த்தாலே எவ்வளவு ஃபிளக்ஸ் இருந்தது என்று தெரியும்.

அறிகுறி: காலையில் ஓர் அளவு, மாலையில் வேறு அளவு

உடனே பித்தளை வெப்பத்தில் விரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். 10 டிகிரி வெப்பம் ஏறினால் 22.86 மி.மீ. அகலம் 4 மைக்ரோமீட்டர்தான் விரியும். உங்கள் கண்ணுக்குத் தெரியும் நகர்வுக்கு அது காரணமாகாது. டெஃப்ளானைச் சந்தேகியுங்கள். 19 டிகிரி செல்சியஸ் அருகே அதன் படிக அமைப்பு மாறி, கன அளவு ஒரு சதவீத அளவில் மாறுகிறது. நன்கு குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுபோகும் அடாப்டர் அந்த எல்லையைத் தாண்டிப் போய்வரக்கூடும். டெஃப்ளான் துளைக்குள் நெகிழ்வாக இருந்தால் ஒவ்வொரு முறையும் சற்று வேறிடத்தில் உட்காரும். வெட்டியபின் சில முறை சூடாக்கிக் குளிரவைத்து, பிறகு மறுபடி விளிம்பைப் பார்த்துச் சமன்செய்தால் அடங்கிவிடும்.

தட்டினால் அளவு துள்ளுகிறது என்றால் டியூனிங் திருகின் மரை தளர்ந்திருக்கிறது. பூட்டு நட்டைப் போட்டு இறுக்குங்கள். இறுக்கியபின் அளவு மாறும், அதையும் எதிர்பார்த்துத் திருகை முன்கூட்டியே ஒரு துளி பின்னால் விட்டுவையுங்கள்.

மொட்டைமாடியில், டிஷ்ஷின் குவியத்தில் நிற்கும் அடாப்டர் மழைக்குப்பின் கெட்டு, நண்பகலில் சரியானால் உள்ளே தண்ணீர். இரவில் குளிர்ந்த பித்தளைக்குள் ஈரக்காற்று பனித்து, ஊசியின் அடியில் ஒரு துளி நிற்கிறது. 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு துளி நீர் அலையை வளைக்கவும் செய்யும், விழுங்கவும் செய்யும். ஃபிளாஞ்சுக்கு மெல்லிய டெஃப்ளான் அல்லது மைலார் தாளால் சன்னல் வையுங்கள். கனெக்டரை முடிந்தவரை மேலிருந்து இறங்கும்படி பொருத்துங்கள்; கீழிருந்து ஏறும்படி வைத்தால் நீர் அதன் வாயில்தான் தேங்கும். மிகத் தாழ்வான இடத்தில் 1.5 மி.மீ. துளை ஒன்று போதும், தண்ணீர் வெளியேறிவிடும். அந்த அளவுத் துளை வழியாக 10 கிகாஹெர்ட்ஸ் அலை குறிப்பிடத்தக்க அளவில் கசியாது. துளையிட்ட பிசிறை உட்புறம் வழித்து எடுத்துவிட்டு, தகடு வைத்து மறுபடி ஒருமுறை இழப்பை அளந்துகொள்ளுங்கள்.